சட்டசபையில் மூன்றரை ஆண்டுகள்: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜூலை 30 நெருங்கிவிட்டால் முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றிப் பேசச் சொல்லிப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் கூப்பிடுவார்கள். அன்று அவருடைய பிறந்த நாள். பேச்சு முடிந்ததும் பிள்ளைகள் கேட்கிற கேள்விகளைப் பல ஆண்டுகளாகக் குறித்து வைத்திருக்கிறேன். மருத்துவராக அவரை எல்லாருக்கும் தெரிகிறது. சட்டமன்ற உறுப்பினராக அவர் என்ன செய்தார் என்று கேட்டால் பதில் வருவதில்லை. எனக்கோ அவர் வாழ்க்கையில் மிகவும் பிடித்த பகுதியே அதுதான். அதனால் இங்கே பெரும்பாலும் 1926 முதல் 1930 வரையிலான ஆண்டுகளைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இந்தியாவின் முதல் பெண் மருத்துவர்தானே அவர்?

இல்லை. மேடைகளில் அடிக்கடி சொல்லப்படும் தவறு இது. ஆனந்திபாய் ஜோஷி, காதம்பினி கங்குலி, ருக்மாபாய் ஆகியோர் அவருக்கு முன்பே மருத்துவர்களானவர்கள். சென்னை மருத்துவக் கல்லூரியே 1875ல் பெண்களைச் சேர்த்துக்கொண்டது. முத்துலட்சுமி அங்கே சேர்ந்தது 1907ல், பட்டம் பெற்றது 1912ல். சென்னையில் மருத்துவம் படித்து வெளிவந்த முன்னோடி இந்தியப் பெண்களில் ஒருவர் என்று சொன்னால் சரியாக இருக்கும். அவருடைய பெருமைக்கு அதுவே போதும்.

எப்படிப்பட்ட குடும்பம்?

பிறந்தது 1886ல், புதுக்கோட்டையில். அப்போது அது தனிச் சமஸ்தானம். அப்பா நாராயணசாமி ஐயர், மகாராஜா கல்லூரியின் முதல்வர். அம்மா சந்திரம்மாள் தேவதாசி மரபில், அதாவது கோயிலுக்கு நேர்ந்துவிடப்பட்ட பெண்களின் மரபில் வந்தவர். இந்தத் திருமணத்துக்காக அப்பாவை அவருடைய உறவினர்கள் ஒதுக்கி வைத்தார்கள். அம்மா வழி உறவுகளோடு பழகித்தான் முத்துலட்சுமி வளர்ந்தார். பிற்காலத்தில் சட்டசபையில் அவர் பேசியதெல்லாம் சின்ன வயதில் சொந்த வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் பார்த்தவை.

ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் ஒரு பெண் சேர வேண்டும் என்றதும் ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. மகாராஜா மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி தந்ததால்தான் இடம் கிடைத்தது.

பெண்களுக்கு அப்போது ஓட்டுரிமையே இருந்ததா?

இருந்தது, ஆனால் மிகச் சிலருக்கு மட்டும். 1919ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டப்படி அமைந்த மாகாண சட்டசபைகளில், பெண்களுக்கு வாக்குரிமை கொடுப்பதா வேண்டாமா என்பதை அந்தந்த சபையே முடிவு செய்துகொள்ளலாம். பிரிட்டிஷ் இந்திய மாகாணங்களில் அதை முதலில் செய்தது சென்னை, 1921ல். நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த காலம் அது.

ஓட்டு என்பது அப்போது ஆண்களுக்கும் சொத்து அல்லது வரி அடிப்படையில்தான். சொத்து ஆண்கள் பெயரில் இருந்த சமூகத்தில் எத்தனை பெண்கள் பட்டியலில் வந்திருப்பார்கள் என்று நீங்களே நினைத்துப் பாருங்கள். அப்புறம், ஓட்டுப் போடலாம், ஆனால் உறுப்பினராக முடியாது என்று ஒரு தடை இருந்தது. 1926ல்தான் அது நீங்கியது.

அவர் தேர்தலில் நின்று ஜெயித்தாரா?

இல்லை. அரசு அவரை நியமித்தது. 98 பேர் தேர்தல் மூலமும் மற்றவர்கள் நியமனம், பதவி மூலமும் வந்த சபை அது. அடையாறில் 1917ல் தொடங்கிய இந்திய மாதர் சங்கம், சபையில் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று விடாமல் அரசிடம் கேட்டுக்கொண்டிருந்தது. முத்துலட்சுமி அப்போது இங்கிலாந்தில் மேற்படிப்பு முடித்துத் திரும்பியிருந்தார். நியமனம் தேடி வந்தபோது உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. மருத்துவத் தொழில் பாதிக்கப்படுமே என்று தயங்கினார்.

அதே 1926 தேர்தலில் கமலாதேவி சட்டோபாத்யாயா மங்களூர்ப் பகுதியில் நின்று, குறைந்த வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். அவர் ஜெயித்திருந்தால் அந்தச் சபையிலேயே இரண்டு பெண்கள் இருந்திருப்பார்கள். இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்பதில்லை.

இந்தியாவின் முதல் பெண் சட்டமன்ற உறுப்பினர் என்று சொல்லலாமா?

பிரிட்டிஷ் இந்தியாவில் முதலாமவர் என்று சொல்லலாம். திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் டாக்டர் மேரி பூனன் லூகோஸ் 1920களின் முற்பகுதியிலேயே சட்டசபைக்கு நியமிக்கப்பட்டுவிட்டார். அவரும் மருத்துவர்தான். ஒருவரை உயர்த்துவதற்காக இன்னொருவரை மறந்துவிட வேண்டாம்.

எம்.எல்.ஏ.வா, எம்.எல்.சி.யா?

எம்.எல்.சி. ஆனால் அந்தச் சொல்லின் இன்றைய பொருளில் இல்லை. 1937 வரை சென்னை மாகாணத்துக்கு ஒரே சபைதான், அதன் பெயர் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில். 1935ஆம் ஆண்டு இந்திய அரசுச் சட்டம் நடைமுறைக்கு வந்த பிறகுதான் கீழவை, மேலவை என்று இரண்டானது. அந்த மேலவையும் 1986ல், எம்.ஜி.ஆர். ஆட்சியில் கலைக்கப்பட்டது. ஆகவே வேலையைப் பார்த்தால் முத்துலட்சுமி இருந்த சபை இன்றைய சட்டப்பேரவைக்குத்தான் நெருக்கம்.

துணைத் தலைவராகவும் இருந்தாரா?

ஆமாம். சபைக்கு வந்ததுமே ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தார்கள். இன்றைய துணை சபாநாயகர் பதவிக்குச் சமம். தலைவர் இல்லாத நேரத்தில் சபையை நடத்த வேண்டும். சபை முழுக்க ஆண்கள். ஜமீன்தார்கள், வக்கீல்கள், ஐரோப்பிய வணிகர்கள், அதிகாரிகள் எல்லாம் நிறைந்த சபையில் தலைமை நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்து, "உறுப்பினர் உட்காரலாம்" என்று சொல்லக்கூடிய நிலை வந்தது 1927ல். சட்டம் இயற்றியதற்கு இணையான மாற்றமாகவே இதை நான் பார்க்கிறேன்.

எந்தக் கட்சி?

எந்தக் கட்சியும் இல்லை. 1926 தேர்தலில் நீதிக்கட்சி தோற்றது. காங்கிரசைச் சேர்ந்த சுயராஜ்யக் கட்சிக்கு அதிக இடங்கள் கிடைத்தும், சில துறைகள் மட்டும் அமைச்சர்களிடமும் மற்றவை ஆளுநரிடமும் இருந்த இரட்டையாட்சியில் பதவி ஏற்க மாட்டோம் என்று ஒதுங்கிக்கொண்டார்கள். சுயேச்சையான டாக்டர் பி. சுப்பராயன் முதலமைச்சரானார். நீதிக்கட்சி, சுயராஜ்யக் கட்சி, சுயேச்சைகள் என்று மூன்று பக்கமும் கூட்டல் கழித்தல் போட்டுக்கொண்டிருந்த சபையில், முத்துலட்சுமிக்குப் பின்னால் இப்படி ஓட்டுப் போடுங்கள் என்று உறுப்பினர்களுக்கு உத்தரவிடும் கட்சிக் கொறடாவும் கிடையாது, ஓட்டு வங்கியும் கிடையாது. எதைக் கொண்டுவந்தாலும் ஒவ்வொருவரிடமாகப் பேசித்தான் ஆதரவு திரட்ட வேண்டும்.

பொட்டுக்கட்டுதல் என்றால் என்ன?

சபையில் முத்துலட்சுமி எதிர்த்த வழக்கம் இது. சின்ன வயதில் ஒரு பெண்ணைக் கோயிலுக்கு நேர்ந்து, தெய்வத்தின் பெயரில் தாலி கட்டித் தேவதாசியாக்கும் சடங்கு. அதன் பிறகு அவர் வேறு யாரையும் மணக்க முடியாது. கோயிலில் ஆடுவது, பாடுவது, விளக்கு எடுப்பது போன்ற பணிகள் உண்டு. அதற்கு ஈடாகக் கோயில் இனாம் நிலத்தில், அதாவது பணிக்காக விடப்பட்ட மானிய நிலத்தில் பங்கோ, அதன் வருமானமோ கிடைக்கும். இந்த மரபில் வந்த பெண்கள் படித்தவர்கள், சொத்து வைத்துக்கொண்டவர்கள், சங்கீதத்தையும் நாட்டியத்தையும் காப்பாற்றியவர்கள். இதை மறைக்கக் கூடாது. ஆனால் 20ஆம் நூற்றாண்டு பிறந்தபோது, நேர்ந்துவிடப்பட்ட சிறுமிக்குக் கண் முன்னால் இருந்த பாதை பெரும்பாலும் ஒன்றுதான்: ஒரு பணக்கார ஆணின் ஆதரவில் வாழ்வது. சிறுமியிடம் யாரும் சம்மதம் கேட்கவில்லை. முத்துலட்சுமி பிடித்துக்கொண்ட இடம் இதுதான்.

மைசூர் சமஸ்தானம் 1910ஐ ஒட்டியே தன் கோயில்களில் இந்தப் பணியை நிறுத்திவிட்டது. ஆகவே சென்னையில் இது முடியாத காரியம் என்று சொல்ல இடமில்லை.

1927லேயே தேவதாசி முறையை ஒழித்துவிட்டார் என்று பாடப்புத்தகத்தில் படித்தோமே?

1927 நவம்பரில் நிறைவேறியது ஒரு தீர்மானம். தீர்மானத்துக்கும் மசோதாவுக்கும் சட்டத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியாவிட்டால் அவர் செய்த வேலை புரியாது.

தீர்மானம் என்பது, "அரசே, இதைச் செய்யுங்கள்" என்று சபை பரிந்துரைப்பது. அரசு கேட்கலாம், கேட்காமலும் இருக்கலாம். மசோதா என்பது சட்டத்தின் வரைவு. சபையில் அறிமுகமாகி, குழுவுக்குப் போய், பிரிவு பிரிவாக விவாதம் நடந்து, நிறைவேறி, ஆளுநரின் ஒப்புதலும் கிடைத்தால்தான் சட்டம். இந்தப் பாதையில் எந்த இடத்திலும் அது நின்றுபோகலாம்.

சிறுமிகளை இந்துக் கோயில்களுக்கு நேர்ந்துவிடும் வழக்கத்தை நிறுத்த அரசு சட்டம் கொண்டுவர வேண்டும் என்பது 1927 தீர்மானத்தின் சாரம். சபை ஏற்றுக்கொண்டது. அரசோ மத விஷயத்தில் கைவைக்கத் தயங்கியது. இந்த இடத்தில் பலர், "தீர்மானம் போட்டாயிற்று, கடமை முடிந்தது" என்று இருந்துவிடுவார்கள். அவர் அடுத்த கதவைத் தட்டினார்.

அடுத்த கதவு என்ன?

நிலம்.

இந்தப் பகுதியைச் சொல்லும்போது எனக்கு எப்போதும் கொஞ்சம் நேரம் பிடிக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு குடும்பம் மகளை ஏன் பொட்டுக்கட்டுகிறது? பக்தி என்றும் மரபு என்றும் சொல்வார்கள். ஆனால் இனாம் நிலம் வைத்திருக்கும் வீட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. பணி செய்ய ஆள் இருக்கும் வரைதான் நிலம். அம்மாவுக்கு வயதாகிவிட்டால் அந்த இடத்துக்கு மகள் வர வேண்டும். மகளுக்குப் பொட்டுக்கட்டாவிட்டால் நிலம் கைவிட்டுப் போய்விடும். அதாவது, சடங்கை நிறுத்த நினைக்கிற தாய்க்கே அதை நிறுத்த வழி இல்லை.

1926ல் சென்னையில் இந்து சமய அறநிலையச் சட்டம் வந்திருந்தது. அதற்கு ஒரு திருத்த மசோதாவை 1928ல் முத்துலட்சுமி கொண்டுவந்தார். நிலத்தையும் கோயில் பணியையும் கட்டியிருந்த முடிச்சை அவிழ்ப்பதுதான் திருத்தம். நிலம் வைத்திருந்த பெண்கள், கோயில் பணி செய்ய வேண்டும் என்ற நிபந்தனை இல்லாமல், ஒரு வரி செலுத்தி அந்த நிலத்தைச் சொந்தமாக வைத்துக்கொள்ளலாம். நிலம் இல்லாமல் அதன் வருவாய் மட்டும் பெற்றுவந்தவர்களுக்கு அவர்கள் காலம் முழுக்க அது தொடரும். 1929ல் இது சட்டமானது, அந்த ஆண்டின் 5ஆவது சட்டம்.

கவனியுங்கள், இதில் யாருக்கும் தண்டனை இல்லை. எந்தப் பெண்ணின் சோற்றிலும் கைவைக்கவில்லை. பழைய வழக்கம் எந்த ஆணியில் தொங்கிக்கொண்டிருந்ததோ அந்த ஆணியை மட்டும் பிடுங்கினார். நோயின் அறிகுறியை விட்டுவிட்டு வேரைத் தேடுகிற மருத்துவப் பழக்கம் இதில் தெரிகிறது. பெயர் பெற்றது பொட்டுக்கட்டுதலையே தடை செய்த 1947ஆம் ஆண்டுச் சட்டம். ஆனால் சட்டமன்ற வேலை என்றால் என்ன என்று எனக்குக் கற்றுத்தந்தது 1929ஆம் ஆண்டுச் சட்டம்தான்.

குறையும் உண்டு. நிலமே இல்லாத தேவதாசிக் குடும்பங்களுக்கு இந்தச் சட்டத்தால் நேரடிப் பலன் இல்லை. நிலம் தனிச் சொத்தானதும் அந்த வீடுகளின் ஆண்கள் அதிகம் பயனடைந்தார்கள் என்று சுட்டிக்காட்டும் ஆய்வாளர்களும் இருக்கிறார்கள். இதையும் சேர்த்துத்தான் மதிப்பிட வேண்டும்.

யாரெல்லாம் எதிர்த்தார்கள்?

சபைக்குள்ளே பெரிய பெயர் எஸ். சத்தியமூர்த்தி. சுயராஜ்யக் கட்சியின் தலைசிறந்த பேச்சாளர். கோயில் மரபும் கலையும் அழிந்துவிடும் என்ற கவலை அவருடையது. நாட்டு விடுதலைக்காகச் சிறை சென்றவர், பின்னாளில் சென்னையின் மேயராகிப் பூண்டி நீர்த்தேக்கத்துக்கு வழிவகுத்தவர். அவர் மேல் எனக்கு மரியாதை உண்டு. இந்த விஷயத்தில் அவர் நின்ற பக்கம் தவறு என்பதே என் கருத்து. காந்தியடிகள் முத்துலட்சுமியின் முயற்சியை ஆதரித்தார். அதாவது காங்கிரசுக்குள்ளேயே இரண்டு குரல் இருந்தது.

தேவதாசிப் பெண்களே எதிர்த்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. இந்தக் கேள்வியை ஒரு மாணவி முதலில் கேட்டபோது நான் சமாளித்துப் பதில் சொன்னேன். அது தவறு. நேராகவே சொல்லிவிட வேண்டும்.

1927ல் சென்னை மாகாணத் தேவதாசிகள் சங்கம் அரசுக்கு மனு கொடுத்தது. பெங்களூர் நாகரத்தினம்மாள் அதில் முன்னின்றவர்களில் ஒருவர். திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குத் தன் சொந்தப் பணத்தில் கோயில் கட்டியவர் அவர், பெரிய பாடகி, படிப்பாளி. எங்களை விலைமகளிர் என்று பொதுப்படையாகச் சொல்லாதீர்கள், நாங்கள் சமயப் பணி செய்பவர்கள், எங்களைத் திருத்த வேண்டும் என்றால் எங்களுக்குக் கல்வி கொடுங்கள் என்பதுதான் அவர்கள் வாதத்தின் சாரம்.

இந்த வாதத்தில் நியாயம் இருக்கிறது. முத்துலட்சுமியின் பேச்சுகளில் ஒழுக்கம், தூய்மை என்ற சொற்கள் நிறைய வரும். அவை அந்தப் பெண்களைக் காயப்படுத்தியிருக்கும். ஆட்டத்தையும் ஆடியவர்களையும் சேர்த்தே சமூகம் ஒதுக்கியது. பின்னர் அதே ஆட்டம் பரதநாட்டியம் என்று மேடையேறி மரியாதை பெற்றபோது, பரம்பரையாக ஆடிய குடும்பங்களில் பல அதற்கு வெளியே நின்றன. இந்த இழப்பு உண்மையானது.

ஆனால் எட்டு வயது, பத்து வயதுச் சிறுமியின் வாழ்க்கையை அவளைக் கேட்காமல் பெரியவர்கள் முடிவு செய்யலாமா என்ற கேள்விக்கு அந்த மனுவில் பதில் இல்லை. இரண்டையும் எடை போட்ட பிறகும் நான் முத்துலட்சுமி பக்கம்தான் நிற்கிறேன். நாகரத்தினம்மாள் சொன்னதையும் மாணவிகளுக்குச் சொல்லிவிட்டே நிற்கிறேன்.

சட்டசபையில் இந்த ஒரு விஷயம்தான் பேசினாரா?

அப்படி இல்லை. பட்ஜெட் விவாதங்களில் பெண் கல்விக்கும் தாய் சேய் நலத்துக்கும் பணம் கேட்டுக்கொண்டே இருந்தார். பள்ளிப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றார். குழந்தை மணத்தைத் தடுக்கத் திருமண வயதை உயர்த்த வேண்டும் என்று வாதாடினார். அகில இந்திய அளவில் 1929ல் வந்த சாரதா சட்டம் பெண்ணுக்கு 14, ஆணுக்கு 18 என்று வயதை நிர்ணயித்தது. விபசார விடுதிகளை ஒடுக்கும் 1930ஆம் ஆண்டுச் சென்னைச் சட்டத்துக்கும் துணை நின்றார்.

இந்திய ஆட்சிமுறையை ஆராய பிரிட்டிஷ் அரசு அமைத்த சைமன் கமிஷனுக்காகக் கல்வி நிலையை ஆராய்ந்த ஹார்டாக் குழுவிலும் ஒரே பெண் உறுப்பினர் அவர்தான். முதல் வகுப்பில் சேரும் பிள்ளைகளில் பெரும்பகுதி நான்காம் வகுப்பை எட்டுவதே இல்லை என்பதை உரக்கச் சொன்ன அறிக்கை அது.

வீடு, மருத்துவம், சபை என்று எப்படிச் சமாளித்தார்?

1914ல் டாக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோதே, தன்னைச் சமமாக மதிக்க வேண்டும், தன் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்று நிபந்தனை போட்டவர். கணவரும் மருத்துவர். இரண்டு பிள்ளைகள். காலையில் நோயாளிகள், பகலில் சபை. சபைக்குப் போனதால் மருத்துவ வருமானம் குறையும் என்று முன்பே தெரிந்துதான் போனார்.

ஏன் பதவி விலகினார்?

1930ல் உப்பு சத்தியாகிரகம். மே மாதம் காந்தி கைதானார். அந்த அரசு நியமித்த பதவியில் இனி இருக்க மாட்டேன் என்று முத்துலட்சுமி விலகிவிட்டார்.

இது எளிதான முடிவாக இருந்திருக்காது. காரணம், அதே 1930 தொடக்கத்தில்தான் பொட்டுக்கட்டுதலையே தடை செய்யும் மசோதாவைச் சபையில் வைத்திருந்தார். அது பொதுமக்கள் கருத்துக்காகச் சுற்றுக்கு அனுப்பப்பட்டிருந்தது. விலகினால் மசோதாவுக்குத் தூக்கிச் சுமக்க ஆள் இருக்காது என்று அவருக்குத் தெரியும். அப்படியும் விலகினார். "இன்னும் ஆறு மாதம் பொறுத்திருக்கலாமே" என்று ஒரு மாணவன் கேட்டான். எனக்கும் சில நாள் அப்படித் தோன்றியிருக்கிறது.

அந்த மசோதா என்ன ஆனது?

தூங்கியது. 1937ல் ராஜாஜி தலைமையில் காங்கிரஸ் ஆட்சி வந்தும் சட்டமாகவில்லை. விடுதலை கிடைத்த 1947ல்தான், ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் ஆட்சியில், சென்னை தேவதாசிகள் (பொட்டுக்கட்டுதல் தடுப்பு) சட்டம் நிறைவேறியது. கோயிலுக்கு நேர்ந்துவிடுவது செல்லாது, அப்படி நேர்ந்துவிடப்பட்ட பெண் சட்டப்படி திருமணம் செய்துகொள்ளத் தடை இல்லை என்று அது சொன்னது. 1930ல் 43 வயதில் அவர் வைத்த மசோதாவின் நோக்கம் நிறைவேறியபோது அவருக்கு வயது 61. இடையில் 17 ஆண்டுகள் எழுத்து, கூட்டம், மனு என்று வெளியிலிருந்து தள்ளிக்கொண்டே இருந்தார்.

மூவலூர் ராமாமிர்தம் அம்மையாரும் இதற்காகப் போராடியவர்தானே?

ஆமாம், அவரைச் சொல்லாமல் இந்தக் கதை முழுமையாகாது. அவரும் அதே மரபிலிருந்து வந்து, மாயவரம் பக்கத்து ஊர்களில் தெருத் தெருவாகப் போய்ப் பேசியவர். முதலில் காங்கிரஸ், பிறகு சுயமரியாதை இயக்கம். சபைக்குள் ஒருவர் சட்ட வரைவோடு நின்றார், வெளியே மற்றவர் வசவையும் கல்லையும் வாங்கிக்கொண்டு நின்றார். இன்று கர்ப்பிணிகளுக்கு ரூ.18,000 மதிப்பில் உதவி தரும் மகப்பேறு நிதியுதவித் திட்டம் முத்துலட்சுமி ரெட்டி பெயரிலும், அரசுப் பள்ளி மாணவிகளின் உயர்கல்விக்கு மாதம் ரூ.1,000 தரும் புதுமைப் பெண் திட்டம் ராமாமிர்தம் அம்மையார் பெயரிலும் இருக்கின்றன.

பதவி விலகிய பிறகு?

தேவதாசிக் குடும்பத்தை விட்டு வெளியேறிய பெண்கள் அவர் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். இருந்த விடுதிகள் அவர்களைச் சேர்த்துக்கொள்ள மறுத்தன. தன் வீட்டிலேயே தங்கவைத்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் அடையாறு அவ்வை இல்லம். தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்த வலி இன்னொரு பக்கம். அதற்காகப் பல ஆண்டுகள் நிதி திரட்டி, 1954ல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். 1956ல் பத்மபூஷண். 1968 ஜூலை 22ல் காலமானார்.

இன்று ஒரு எம்.எல்.ஏ. தானாக ஒரு மசோதா கொண்டுவர முடியுமா?

விதிப்படி முடியும். அமைச்சராக இல்லாத எந்த உறுப்பினரும் தனி உறுப்பினர் மசோதா கொண்டுவரலாம். நடைமுறையில் சட்டமாவதெல்லாம் அரசு கொண்டுவருபவைதான். நாடாளுமன்றத்தையே பாருங்கள், 1970க்குப் பிறகு ஒரு தனி உறுப்பினர் மசோதாகூடச் சட்டமாகவில்லை. திருநங்கையர், திருநம்பியர் உரிமைக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த மசோதா 2015ல் மாநிலங்களவையில் நிறைவேறியது. ஆனால் அது அப்படியே சட்டமாகவில்லை. 2019ல் அரசு தன் பங்குக்கு வேறொரு சட்டம் இயற்றியது.

கட்சித் தாவல் தடைச் சட்டம் 1985ல் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி ஓட்டுப் போட்டால் பதவியே போய்விடலாம். ஒவ்வொரு உறுப்பினரிடமும் தனித்தனியாகப் பேசி ஆதரவு திரட்டும் முத்துலட்சுமியின் வழிக்கு இன்று இடம் குறைவு. ஆனாலும் கேள்வி நேரம், கவன ஈர்ப்புத் தீர்மானம், மானியக் கோரிக்கை விவாதம், பேரவைக் குழுக்கள் எல்லாம் திறந்தே இருக்கின்றன. உங்கள் தொகுதி உறுப்பினர் ஓராண்டில் சபையில் என்னென்ன கேள்வி கேட்டார் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் வந்தாரா என்று பார்க்கிற நமக்கு அந்தப் பழக்கம் இன்னும் வரவில்லை.

இப்போது சபையில் பெண்கள் அதிகமாகிவிட்டார்களா?

1937ல் ருக்மணி லட்சுமிபதி சபைக்கு வந்து துணை சபாநாயகரானார், பிறகு முதலமைச்சர் டி. பிரகாசத்தின் அமைச்சரவையில் சுகாதார அமைச்சரும் ஆனார். இரண்டு பெண் முதலமைச்சர்களைப் பார்த்த மாநிலம் தமிழ்நாடு. ஆனால் 2021 தேர்தலில் 234 இடங்களில் ஜெயித்த பெண்கள் 12 பேர். மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டுக்கான அரசியல் சட்டத் திருத்தம் 2023ல் நிறைவேறியது. மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடிந்த பிறகே அது நடைமுறைக்கு வரும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

அவரைப் பற்றி மேலும் படிக்க எங்கே தொடங்கலாம்?

சட்டமன்ற உறுப்பினராகத் தன் அனுபவங்களை 1930லேயே ஆங்கிலத்தில் புத்தகமாக எழுதினார், பின்னர் சுயசரிதையும் எழுதினார். அவற்றைவிட நான் முதலில் பரிந்துரைப்பது அந்தக் காலச் சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகள். 1927 நவம்பர் விவாதத்தை எடுத்து, யார் எழுந்தார், என்ன சொன்னார், இவர் என்ன பதில் கொடுத்தார் என்று வரிசையாக வாசியுங்கள். முதல் தடவை அவர் பேச்சை. இரண்டாம் தடவை எதிர்த்தவர்களின் பேச்சை. அதன் பிறகு 1929ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தை எடுங்கள். சில பக்கங்கள்தான் இருக்கும், ஒரு மதியத்தில் முடித்துவிடலாம்.